குமரி முனைக்கு அப்பால் ஒரு நாள்: தோவாளைப் பக்கமா, கல்குளம் பக்கமா, மலையடிவாரமா?

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இரவு தங்குகிறார்கள். உதயம், விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, அஸ்தமனம் எல்லாம் முதல் நாளிலேயே முடிந்துவிடும். இரண்டாம் நாளுக்கு என்ன செய்யலாம் என்று விடுதியில் கேட்டால் 'உள்ளே ஒரு ரவுண்டு' என்று வண்டி பேசித் தருவார்கள். சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு அருவி, வரும் வழியில் வட்டக்கோட்டை. அஸ்தமனத்துக்குள் திரும்பிவிடலாம் என்பார்கள்.

திரும்ப முடியாது. திற்பரப்பு கன்னியாகுமரியிலிருந்து 55 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆனால் இடையில் வயலும் வெளியுமாக நீண்ட சாலை கிடையாது. நாகர்கோவில், வில்லுக்குறி, தக்கலை என்று ஒரு ஊர் முடியுமுன் அடுத்த ஊர் தொடங்கிவிடும். மணிக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்ட முடிந்தால் அது நல்ல நாள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று கழித்தால் ஐந்து இடங்களுக்கு மிஞ்சுவது நான்கைந்து மணி நேரம். ஒவ்வொரு இடத்திலும் வண்டி நிறுத்தவும் செருப்பைக் கழற்றி மாட்டவுமே அது சரியாக இருக்கும்.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்பதை இடத்தின் பெயரைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. மாதம், கிழமை, புறப்படும் நேரம் இந்த மூன்றையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காரணம் தண்ணீர்.

ஒரே தண்ணீர், மூன்று ஊர்

இந்த மாவட்டத்தின் நாட்டுப்புறம் முழுக்க ஒரே பாசன அமைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையை 1897இல் தொடங்கி 1906இல் முடித்தார்கள். திருவிதாங்கூர் மூலம் திருநாள் மன்னர் காலம். கட்டிய பொறியாளர் ஹம்ப்ரி அலெக்சாண்டர் மிஞ்சின். அவருடைய கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பிறகு வந்த பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. மழைக்காலத்தில் உள்ளூர்க்காரர்கள் காலைச் செய்தித்தாளில் முதலில் பார்ப்பது இந்த இரண்டு அணைகளின் அன்றைய நீர்மட்டத்தைத்தான். பயணம் வருகிறவர்களும் அதையே பார்ப்பது நல்லது.

வழக்கமாக ஜூன் 1 அன்று அணையைத் திறப்பார்கள், பிப்ரவரி 28 வரை தண்ணீர் ஓடும். மேற்கே போகிற தண்ணீர் பட்டணங்கால் சானல் வழியாக, பள்ளத்தைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஏறிப் போகிறது. கிழக்கே போவது தோவாளை சானலிலும் அனந்தனாற்றிலும் ஓடி, கிழக்குப் பக்கத்துச் சமவெளியான நாஞ்சில் நாட்டின் குளங்களை நிரப்புகிறது. (இங்கே யாரும் 'கால்வாய்' என்று சொல்வதில்லை. சானல்தான். வழி கேட்கும்போதும் சானல்கரை என்றே கேளுங்கள்.) மார்ச் முதல் மே வரை மதகு அடைத்துக் கிடக்கும். அப்போது தேரூர்க் குளம் வற்றியிருக்கும், வயல் தரிசாக இருக்கும், தொட்டிப்பாலத்துத் தொட்டியில் காய்ந்த சருகுதான் கிடக்கும். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஏமாந்து போகிறவர்கள் அதிகம் என்பதற்கு இந்த நாள்காட்டிதான் காரணம்.

கிழக்கு: தோவாளை, தேரூர், ஆரல்வாய்மொழி

குறைந்த தூரம், குறைந்த செலவு, அரை நாள் போதும். கன்னியாகுமரியிலிருந்து சுசீந்திரம், தேரூர், தோவாளை, ஆரல்வாய்மொழி போய் முப்பந்தல், காவல்கிணறு வழியாக நான்குவழிச் சாலையில் திரும்பினால் மொத்தம் 70 கிலோமீட்டருக்குள் முடியும். கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். இதில் ஏற வேண்டிய படி என்று ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு நிபந்தனை. தோவாளைப் பூச்சந்தைக்கு இருட்டோடு போக வேண்டும். விடியுமுன்னே லாரியும் வேனும் வந்து இறங்கும். எட்டு மணிக்குள் சூடு அடங்கிவிடும், ஒன்பது மணிக்குப் போனால் ஈரச் சாக்கும் உதிரியும்தான். அதாவது சூரிய உதயமும் பூச்சந்தையும் ஒரே காலையில் கிடைக்காது. முதல் நாள் உதயம், இரண்டாம் நாள் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மேகம் மூடிவிட்டது, இன்னொரு தடவை பார்க்கலாம் என்று இரண்டாம் நாளும் கடற்கரையில் நின்றால் இரண்டுமே போய்விடும்.

சந்தையில் என்ன பார்ப்பது? பிச்சியும் மல்லியும் மொட்டாகத்தான் விலைபோகும். சாயங்காலம் தலையில் விரிய வேண்டிய பூ காலையில் விரிந்திருந்தால் அதற்கு மாலை கட்டுகிறவர் மட்டும்தான் விலை கேட்பார், அதுவும் அடிமாட்டு விலைக்கு. அரளி, கேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் சாக்குக் கணக்கில் கிடக்கும். முகூர்த்த நாளுக்கு முந்தின காலையில் பிச்சி விலை மணிக்கு மணி ஏறும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் இந்தச் சந்தையே கேரளத்துக்குத்தான் வேலை செய்யும். அத்தப்பூக் கோலத்துக்கான கேந்தியும் வாடாமல்லியும் இங்கிருந்துதான் எல்லை தாண்டுகின்றன. அந்தப் பத்து நாளில் போனால் சந்தை அதன் உச்சத்தில் இருக்கும், நடக்க மட்டும் இடம் இருக்காது. படம் எடுக்கிறவர்கள் தராசுக்கும் வியாபாரிக்கும் நடுவில் நிற்காமல் இருந்தால் போதும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

பூவை வாங்கிக் காரின் பின்னால் வைத்துவிட்டு மற்ற இடங்களுக்குப் போகாதீர்கள். மூடிய காரில் வெயிலேறினால் இரண்டு மணி நேரத்தில் மொட்டெல்லாம் பழுத்துவிடும். வாழையிலையில் பொதிந்து, மேலே ஈரத் துணி சுற்றிக் கால்மாட்டில் வைக்க வேண்டும்.

தேரூர்க் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்து 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. சந்தையை முடித்துக்கொண்டு ஏழு மணிக்குக் குளக்கரைக்கு வந்தால் வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரம் கிடைக்கும். தொலைநோக்கி இல்லாமல் போனால் தாமரை இலைக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவ்வளவுதான். ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876இல் பிறந்தது இந்தத் தேரூரில்தான். பறவைக்காக வந்தவர்கள் ஊருக்குள்ளும் ஒரு நடை நடந்துவிட்டு வரலாம்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், நண்பகலில் நடை சாத்துவார்கள். காலையிலேயே பார்த்துவிடுங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வருகிறோம். தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி, இந்த இடைவெளியில் பிதுங்கி வெளியே வருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் குவிந்து நிற்பது அதனால்தான். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை காற்றாலை முழு வேகத்தில் சுற்றும். ஜனவரியில் போனால் பாதி இறக்கைகள் நின்றுகொண்டிருக்கும். காற்றுக் காலத்தில் இருசக்கர வண்டியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பக்கக்காற்று சீராக அடிக்காது. லாரி ஒன்று உங்களைத் தாண்டும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நிற்கும், லாரி போனதும் அதே வேகத்தில் திரும்ப அறையும். விழுகிறவர்கள் அந்த இரண்டாவது அறையில்தான் விழுகிறார்கள். வேகத்தைக் குறைத்து லாரியை முன்னால் போகவிடுவதே சரி.

மேற்கு (கல்குளம் பக்கம்): பத்மநாபபுரம், திருவட்டாறு, மாத்தூர், சிதறால்

முழு நாள், 130 கிலோமீட்டர், சொந்த வண்டியோ வாடகைக் காரோ கட்டாயம். ஆனால் மூன்றில் சரக்கு அதிகம் உள்ளது இதுதான். ஒரே ஒரு முறைதான் வர முடியும், திரும்ப இந்தப் பக்கம் வரப்போவதில்லை என்றால் இதைத்தான் சொல்வோம்.

தக்கலையைத் தாண்டியதும் நிலமே மாறும். சமவெளி முடிந்து செம்மண் மேடும் பள்ளமும். மேட்டில் தென்னை, மரச்சீனி (மரவள்ளி), ரப்பர், பள்ளத்தில் ஏலா (வயல்வெளி). ஊர்ப் பெயரும் அதற்கேற்ப மாறும். நாஞ்சில் நாட்டில் குளம், ஊர், புரம் என்று முடிகிற பெயர்கள் இங்கே விளை, கோடு, கரை என்று முடியத் தொடங்கும். பேச்சில் மலையாள நெடி ஏறும். 1956 நவம்பர் 1 வரை இந்த நிலம் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருவது எல்லாம் புரியும்.

முதல் விஷயம் அரண்மனை. பத்மநாபபுரம் தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் கையில். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை ஒன்பதுக்குத் திறந்து ஒரு மணிக்கு மூடி, இரண்டுக்கு மறுபடி திறப்பார்கள். மாலை நாலரைக்கெல்லாம் முடித்துவிடுவார்கள். ஞாயிறு கன்னியாகுமரிக்கு வந்து திங்கள் உள்ளே போகலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவது வாராவாரம் நடக்கிறது. திங்கட்கிழமைதான் உங்கள் நாள் என்றால் கிழக்கே போங்கள்.

அரண்மனைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளே ஒருவழிப் பாதை. பின்னால் விட்டதைத் திரும்பிப்போய்ப் பார்க்க விடமாட்டார்கள். கறுப்புத் தரையைக் குனிந்து பாருங்கள். சுண்ணாம்பும் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு என்று சொல்வார்கள், முகம் தெரியும். செருப்பை வெளியே விட வேண்டும், ஆகவே காலை முதல் அமர்வே நல்லது. நண்பகலில் முற்றத்துக் கல் காலைச் சுடும். படிகள் செங்குத்து, கதவுகள் குட்டை. உயரமானவர்களின் நெற்றி இங்கே ஒரு தடவையாவது இடிபடும்.

நாகர்கோவிலை எட்டு மணிக்கு முன்னால் கடந்துவிடுவது முக்கியம். எட்டேகாலுக்குப் பள்ளிப் பேருந்துகள் இறங்கிவிட்டால் வடசேரியிலிருந்து பார்வதிபுரம் போவதற்கே அரை மணி நேரம் போகும். நவராத்திரிக்கு முன் சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, வேளிமலைக் குமாரசுவாமி, பத்மநாபபுரம் சரசுவதி ஆகிய விக்கிரகங்கள் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும். அதைப் பார்க்க வந்தவர்களுக்கு அந்த நாள் கொண்டாட்டம், தொட்டிப்பாலம் பார்க்கக் கிளம்பியவர்களுக்குத் தேசிய நெடுஞ்சாலையே அடைபட்ட நாள்.

அரண்மனையிலிருந்து பத்தரைக்குக் கிளம்பினால் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலைப் பதினொன்றுக்குப் பிடிக்கலாம். 418 ஆண்டுக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்த கோயில். கிடந்த கோலத்துப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகப் பார்க்க முடியும். இங்கும் ஆண்களுக்குச் சட்டை கூடாது. பையில் ஒரு வேட்டி இருப்பது நல்லது. பன்னிரண்டுக்கு நடை சாத்திவிட்டால் மாலைதான். ஆகவே அரண்மனையில் தாமதமானால் திருவட்டாற்றை விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், ஓடிப் பயனில்லை.

மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் முடிந்தது. பறளியாற்றுப் பள்ளத்தைத் தாண்டி ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குத் தண்ணீரைக் கொண்டுபோக 28 தூண்கள், 115 அடி உயரம். மேலே நீண்ட கான்கிரீட் தொட்டி. பக்கத்தில் ஆள் நடக்க ஒடுக்கமான பாதை. எதிரே ஒரு குடும்பம் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஜூன் முதல் பிப்ரவரி வரை இடுப்புக்குப் பக்கத்தில் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தென்னந்தலைகள் காலுக்குக் கீழே தெரியும். இந்த இரண்டும் சேர்ந்துதான் தொட்டிப்பாலம். தண்ணீர் இல்லாத மாதத்தில் அது வெறும் உயரமான கான்கிரீட். உயரம் கண்டு தலை சுற்றுகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. படி இறங்கி ஆற்றங்கரைக்குப் போய்த் தூண்களை அண்ணாந்து பார்க்கலாம். ஆனால் அத்தனை படியையும் திரும்ப ஏற வேண்டும் என்பதை இறங்குமுன்னே நினைத்துக்கொள்ளுங்கள்.

வழி விஷயத்தில் கைப்பேசி வரைபடத்தை இந்தப் பக்கம் முழுதாக நம்பக்கூடாது. குறுக்கு வழி என்று அது காட்டுவது பல நேரம் சானல்கரைப் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், தடுப்புச் சுவர் கிடையாது. எதிரே ஒரு ஆட்டோ வந்தால் அரைக் கிலோமீட்டர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கும். திருப்பத்தில் டீக்கடை இருந்தால் நிறுத்தி, "அண்ணாச்சி, இந்தச் சானல்கரை வழியா கார் போகுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். "போகும்" என்று இழுத்துச் சொன்னால் போகாது என்று அர்த்தம்.

சிதறாலை நாளின் கடைசிக்கு வைக்க வேண்டும், அல்லது முதலாவதாக. நடுவில் வைக்கவே கூடாது. வழுக்கைப் பாறை மேல் கல் பாவிய பாதையில் இருபது, முப்பது நிமிடம் ஏற்றம். மேலே தண்ணீர் வாங்கக் கடை இல்லை. மதியம் ஏறினால் பாறையின் சூடு கீழிருந்தும் வெயில் மேலிருந்தும் வாட்டும். மூன்றரைக்கு ஏறத் தொடங்கினால் போதும். சமண முனிவர்கள் தங்கிய குகை, பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள், 9ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு; பின்னாளில் அதுவே பகவதி கோயிலும் ஆகிவிட்டது. ஊர்க்காரர்களுக்கு அது 'மலைக்கோயில்'. மேலே நின்றால் ஒரு பக்கம் மலைத்தொடர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை தென்னை. இந்த மாவட்டத்தின் நாட்டுப்புறம் என்ன என்பதை ஒரே இடத்திலிருந்து காட்டுவது இந்தப் பாறைதான்.

இனித் திற்பரப்பு. பட்டியல்களில் எல்லாம் முதலிடம் அதற்குத்தான். எங்கள் கணக்கில் மேற்குப் பக்கத்தில் கடைசி. ஐம்பது அடி அளவில் விழுகிற அகலமான அருவி, குளிக்க வசதி உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கோடையில் நீர் மெலிந்துவிடும். பெருமழையில் பேச்சிப்பாறையிலிருந்து உபரிநீர் திறந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்களின் வண்டி வரிசை. சரியான நீர், சரியான கூட்டம் இரண்டும் சேர்ந்து அமைவது வேலைநாள் காலையில்தான். குளியலுக்காக என்றால் போங்கள். பார்க்க மட்டும் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பக்கத்தில் இருக்கும் திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலுக்குக் கொடுப்பது மேல். கூட்டமே இருக்காது. திற்பரப்பு, திருநந்திக்கரை சிவன் கோயில்கள் இரண்டும் மகாசிவராத்திரியன்று பக்தர்கள் ஓடிக் கடக்கும் பன்னிரண்டு சிவாலயங்களில் சேர்ந்தவை. சிவன் கோயிலுக்கு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடுவது இங்கே மட்டும்தான் வழக்கம். அந்த நாளில் கார் எடுக்காதீர்கள்.

மலையடிவாரம்: கீரிப்பாறை, காளிகேசம், பேச்சிப்பாறை

இது இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு. பார்க்க இன்னதென்று ஒரு பட்டியல் இல்லாததால் முதல் முறை வந்த குடும்பத்தில் யாராவது ஒருவர் 'இதுக்குத்தானா இவ்வளவு தூரம்' என்று கேட்டுவிடுவார். ரப்பர்க் காட்டைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு காலை போதாது.

ரப்பர் வெட்டு விடியலில்தான். இரவின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் ஏறியிருக்கும், வெட்டினதும் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அரைச் சுற்றாக, இடது மேலிருந்து வலது கீழாகச் சரித்துப் பட்டையை மெல்லிசாகச் சீவுவார்கள். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கூடிப்போய் உள்மரத்தில் கத்தி பட்டால் அந்த இடம் முண்டாகிப் பிறகு வெட்டவே உதவாது. பால் சொட்டிச் சிரட்டையிலோ கிண்ணத்திலோ நிறையும். பத்து, பதினொன்று மணிக்குச் சேகரித்து, தண்ணீர் கலந்து, தட்டில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் அமிலம் விட்டு உறையவைத்து, மறுநாள் உருளையில் கொடுத்து ஷீட் அடிப்பார்கள். சாலையோரக் கொடியில் வேட்டி காயப்போட்டது போலத் தொங்குவது அந்த ஷீட்தான். சிரட்டையில் ஒட்டி உறைந்தது ஒட்டுப்பால். ரப்பர்ப் பகுதிக்குள் நுழைந்ததும் வருகிற அந்தப் புளித்த வாடை பெரும்பாலும் அதனுடையது. மழை நாளில் பால் கிண்ணத்தை விட்டு வழிந்து வீணாகும் என்பதால், மரத்துக்குப் பாலித்தீன் பாவாடை கட்டாத தோட்டங்களில் வெட்டு நடக்காது. ஜனவரி வாக்கில் இலை உதிரும். அப்போது காடே தீப்பிடித்த நிறத்தில் இருக்கும், வெட்டும் குறையும். தோட்டங்கள் தனியாருடையவை அல்லது அரசு ரப்பர் கழகத்துடையவை. வேலியைத் தாண்டுமுன் கேட்க வேண்டும். வெட்டுகிறவரை நடுவேலையில் நிறுத்திப் பேசக்கூடாது, அவருக்கு எண்ணிய மரக்கணக்கு உண்டு.

உதிர்ந்து புது இலை தளிர்க்கும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். மார்த்தாண்டம் தேன் பெரும்பகுதியும் இந்தத் தளிர்த்தேன்தான், பூத்தேன் அல்ல. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ரப்பர் மரங்களுக்கு அடியில் தேன்பெட்டி வரிசைகளைப் பார்க்கலாம். எட்டி நின்று பாருங்கள். பெட்டியின் வாசலுக்கு நேரே நின்றால் பறந்து வருகிற பூச்சிக்கு வழி மறிக்கிறீர்கள், கொட்டு நிச்சயம்.

காளிகேசம் போகக் கீரிப்பாறை வனச்சோதனைச் சாவடியில் கட்டணம் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் கூடாது, மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். பாறைக்கு நடுவே ஓடுகிற காட்டாறு. ஆழம் இல்லாதது போல் தெரியும். ஆபத்து அதில் இல்லை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்க, மேல் மலையில் பெய்த மழை பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ துணியைக்கூட எடுக்காமல் கரையேற வேண்டும். அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் அனுமதியே இருக்காது. மழைக்காலத்தில் அட்டையும் உண்டு. கொஞ்சம் உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப்போனால் போதும், பிய்த்து எறிந்தால் புண் ஆறாது.

பேச்சிப்பாறைக்குப் போகிறவர்கள் குலசேகரத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். அணையைத் தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லாத இடங்கள் அதிகம். கோதையாறு மேல்தளம் வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது, சோதனைச் சாவடியில் பேசிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் நெய்யாறு அணையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கோவளத்திலோ திருவனந்தபுரத்திலோ தங்கியிருப்பவர்களுக்கு அது சரி, கன்னியாகுமரியிலிருந்து சரிவராது. தமிழ்நாட்டு வாடகைக் கார் களியக்காவிளையையோ பனச்சமூட்டையோ தாண்டினால் கேரளத்துக்குத் தனி அனுமதி, வரி எல்லாம் தேவைப்படலாம். அதைக் கிளம்புமுன்னே வண்டிக்காரரிடம் பேசி முடிக்காவிட்டால் எல்லையில் நின்று சண்டைதான். மாறாக, கோவளத்தில் தங்கியிருப்பவர்கள் பாலராமபுரம், நெய்யாற்றின்கரை வழியாக நம் மேற்குப் பக்கத்துக்கு வருவது எளிது. அவர்களுக்குச் சிதறால் முதலில், அரண்மனை மதியம் இரண்டுக்கு.

வண்டியும் தங்குமிடமும்

பேருந்தில் வருகிறவர்களுக்குக் கிழக்குதான். கன்னியாகுமரி-நாகர்கோவில் பேருந்து எல்லாம் சுசீந்திரத்தில் நிற்கும். தோவாளைக்கு நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகிற நகரப் பேருந்தில் ஏற வேண்டும். திருநெல்வேலி வண்டியில் ஏறினால் இடையில் நிற்காமல் போய்விடக்கூடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. மேற்கே பேருந்தில் போவதானால் இரண்டே இடம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். தக்கலையில் இறங்கி ஆட்டோவில் அரண்மனை. பிறகு மார்த்தாண்டம் போய்ச் சிதறால். மாத்தூருக்குப் பேருந்துக்காகக் காத்திருப்பது அரை நாளைத் தின்னும். ரயில் என்றால் அரண்மனைக்கு இரணியல், மார்த்தாண்டத்துக்குக் குழித்துறை நிலையம்.

வாடகைக் காரில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசுவதா, நாளுக்கு இவ்வளவு என்பதா? மேற்குக்கு நாள் கணக்கு. தூரம் குறைவு, நேரம் அதிகம். கிலோமீட்டர் கணக்கில் வருகிற ஓட்டுநர் ஒவ்வொரு இடத்திலும் உங்களை விரட்டுவார், அவர் மேல் தப்பும் இல்லை. கிழக்குக்கு ஆட்டோவே போதும், முந்தின இரவே பேசி வைத்துவிடுங்கள்.

இரண்டாவது இரவைக் கடற்கரையில் கழிக்காமல் மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ தங்குவது மேற்குப் பக்கத்தின் கணக்கையே மாற்றிவிடும். போகவர நான்கு மணி நேரம் மிச்சம். ஏழு மணிக்குச் சிதறால், ஒன்பதுக்கு மாத்தூர், பத்தேகாலுக்குத் திருவட்டாறு, சாப்பாடு, இரண்டுக்கு அரண்மனை. சிதறால் ஏற்றம் வெயில் ஏறுமுன்னே முடிந்துவிடும். அறைகள் கடற்கரை விடுதிபோல இருக்காது, ஜன்னலைத் திறந்தால் நெடுஞ்சாலைதான். தூங்க மட்டும் என்றால் போதும்.

எந்த மாதத்துக்கு எது

ஜூன், ஜூலையில் தக்கலைக்கு மேற்கே மழை கொட்டும்போது ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றோடு சாரல் மட்டும் இருக்கும். ஆகவே கிழக்கு. கன்னிப்பூ (முதல் போக நெல்) நடவும் அப்போதுதான். ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடையும் ஓணச் சந்தையும் சேர்வதால் அப்போதும் கிழக்கே. அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. மலையை மறந்துவிட்டு அரண்மனையோடு நிறுத்துங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எதற்கும் தடை இல்லை, கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயல் பச்சையாக இருக்கும், தொட்டியில் தண்ணீர் இருக்கும். மேற்குக்கு இதுவே சரியான காலம்.

மார்ச் முதல் மே வரை வருகிறவர்கள் தண்ணீரை எதிர்பார்க்காமல் வாய்க்கு ருசியானதைத் தேடி வாருங்கள். அதிகாலைச் சிதறால், பிறகு அரண்மனை, அவ்வளவோடு பார்வை முடிந்தது. வழியில் அக்கானி கிடைக்கும் (மற்ற ஊர்களில் பதநீர்). காலை ஒன்பதுக்கு முன் குடித்தால் இனிப்பு, வெயிலேறினால் நுரைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். சக்கைப்பழக் (பலாப்பழம்) காலமும் அதுதான். வருக்கையா கூழனா என்று கேட்டு வாங்குங்கள், கூழன் கையெல்லாம் வழியும். மட்டிப்பழம் எல்லா மாதமும் உண்டு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம். நன்கு பழுத்த சீப்பை ஊருக்குக் கொண்டுபோக முடியாது, தோல் அவ்வளவு மெல்லிசு. முக்கால் பழுப்பில் வாங்கி, படுக்கவைக்காமல் தொங்கவிட்டு எடுத்துப்போனால் இரண்டு நாள் தாங்கும்.